பால்பொடிக்கு எந்தத் தண்ணீர்?

பால்பொடி டப்பாவின் முத்திரையை உடைக்கும்போது உள்ளே இருப்பது சத்துள்ள பொருள்தான், ஆனால் கிருமி அறவே நீங்கிய பொருள் அல்ல. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா ஈரமே இல்லாத அந்தப் பொடிக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2001இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பச்சிளங்குழந்தை ஒன்று மூளையுறை அழற்சியால் இறந்தது. அதே கிருமி, பிரிக்கப்படாத பால்பொடி டப்பாவிலும் இருந்தது தெரியவந்தது. இப்படி நோயுறுவது அரிது. ஆனால் குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, இரண்டு மாதம் நிரம்பாதவை என்று, தாங்கும் வலு இல்லாத பிள்ளைகளையே அது தேடிப் பிடிக்கிறது.

அதனால்தான் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் 2007இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. பொடியைக் கரைக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது என்கிறது அது. அந்தச் சூட்டில் பொடிக்குள் இருக்கும் கிருமிகளில் மிகப் பெரும்பகுதி மடிந்துவிடும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் இடறும். வெள்ளம் காய்ச்சிக் குடிப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் சீரகமோ சுக்கோ போட்டுக் கொதித்த வெள்ளம் எப்போதும் இருக்கும். வயிற்றுப்போக்கிலிருந்து பல தலைமுறைகளைக் காத்த பழக்கம் அது. ஆனால் பிள்ளைக்குப் பால் கரைக்கும்போது, "வெள்ளம் ஆறியாச்சு மக்ளே, பொடியக் கலக்கு" என்றுதான் ஆச்சி சொல்வார். பல டப்பாக்களின் பின்புறத்திலும் வெதுவெதுப்பாக ஆறவிடச் சொல்லியே அச்சிட்டிருக்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் பொடியிலுள்ள கிருமி சாகாது, பெருகும். 23 டிகிரியிலேயே இந்தப் பாக்டீரியா சுமார் 40 நிமிடத்தில் இரட்டிப்பாகிறது. நம் வீட்டு அறைகள் அதைவிட வெக்கையானவை.

ஆகவே வரிசையை மாற்றவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குமிழி வரக் கொதிக்கவிட்டு இறக்கி, மூடிவைத்து, அரைமணி நேரத்துக்குள் பொடியைக் கரைக்க வேண்டும். சீரகம், சுக்கு எதுவும் சேர்க்காத வெறும் தண்ணீராக இருக்கட்டும். கொஞ்சமாகக் காய்ச்சினால் சீக்கிரம் சூடு இறங்கிவிடும் என்பதால்தான் ஒரு லிட்டர். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அதன்பிறகே பொடி, அதுவும் டப்பாவோடு வந்த கரண்டியால் தலைதட்டி. கரைத்த பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றலாம். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும். ராத்திரிக்கு, கொதித்த தண்ணீரைக் கழுவி வைத்த பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம். கரைத்த பால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். மனசு கேட்காது, ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

உயிருள்ளவற்றைக் கொதி கொல்லும். தண்ணீரில் கரைந்து கிடப்பவற்றை அது தொடுவதில்லை. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும் என்பதால் உப்பும் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடுகின்றன. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒரு சிறு கணக்கு. ஐந்து கிலோ எடையுள்ள, பால்பொடியை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தை ஒரு நாளில் கிலோவுக்கு 150 மில்லி வீதம் 750 மில்லி குடிக்கும். அறுபது கிலோ மனிதர் ஒன்பது லிட்டர் குடிப்பதற்குச் சமம் அது. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத தண்ணீர் என்று ஊர் சொல்வதை அந்தப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

நைட்ரேட்டின் கதை அமெரிக்காவின் அயோவாவில் தெரியவந்தது. பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் உடல் நீலம் பாய்ந்து மருத்துவமனைக்கு வந்ததை 1945இல் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் எழுதினார். இளங்குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட், ஹீமோகுளோபினிலுள்ள இரும்பை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கிவிடுகிறது. அதைச் சரிசெய்யும் நொதி குழந்தையின் ரத்தத்தில் இன்னும் போதுமான அளவுக்கு வளர்ந்திருக்காது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டை அனுமதிப்பதில்லை. வேறு வழியில்லாத இடங்களுக்கு என்ற தளர்வும் அதில் கிடையாது.

நம் ஊரில் கிணறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து சென்ட், பத்து சென்ட் மனையில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் செப்டிக் டேங்க். மதிலுக்கு அப்பால் மட்டிக்கும் நேந்திரனுக்கும் யூரியா போட்ட வாழைத்தோட்டம். நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. வெள்ளம் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அது இருக்கலாம்.

கடற்கரையில் கவலை வேறு. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கீழமணக்குடி போன்ற ஊர்களுக்குள் புகுந்த கடல், வழியிலிருந்த கிணறுகளையும் விடவில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 10,800 மில்லிகிராம் சோடியம் உண்டு. கிணற்றில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்குமேல் கூடிவிடும். அந்த அளவைப் பெரியவர்களின் நாக்கு பெரும்பாலும் கண்டுபிடிக்காது. நன்றாகச் சுரக்கத் தொடங்கிய தாய்ப்பாலில் இருப்பதே லிட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லிகிராம்தான், பால்பொடியிலும் சோடியம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. பிஞ்சுச் சிறுநீரகம் இத்தனையையும் வெளியேற்றத் திணறும். லேசாகக் கரிக்கிறது என்று தோன்றும் கிணற்று நீரைப் பால்பொடி கரைக்க மட்டுமாவது பயன்படுத்தாமல் தவிர்த்துவிட வேண்டும்.

முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாகர்கோவில் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் காலையில் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். ராத்திரி முழுக்கப் பித்தளைக் குழாயிலும் பழைய பி.வி.சி. குழாயிலும் தேங்கிய நீரில் ஈயம் கரைந்திருக்கக்கூடும். பி.வி.சி. குழாய்களில் ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகள் நம் நாட்டில் 2021இல்தான் வந்தன. இருபது லிட்டர் கேன் தண்ணீரும் கிருமியற்றது அல்ல, அதையும் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். ஆர்.ஓ. கருவி உப்பையும் நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் நன்றாகவே குறைக்கும். சவ்வை உரிய காலத்தில் மாற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிணற்றை நம்பலாமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். பிள்ளை பிறக்கும் முன்பே, ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. நைட்ரேட், ஃபுளோரைடு, மொத்த உப்பு, கோலிஃபார்ம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். ஒக்கிப் புயல் போலவோ 2021 நவம்பர் மழை போலவோ பெய்து கிணறு நிரம்பி வழிந்தால், பழைய அறிக்கை செல்லாது.

அந்த மாதிரி நாட்களில் நிவாரண முகாமுக்கு அன்போடு பால்பொடி டப்பாக்களைக் கொண்டுவருபவர்கள் உண்டு. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு, இப்படித் தானமாகப் பால்பொடி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. சுத்தமான தண்ணீரும் அடுப்பும் இல்லாத இடத்தில் டப்பாவை மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். அங்கே பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு மறைப்பும் வயிறாரச் சாப்பாடும் ஏற்பாடு செய்யலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீரே வேண்டாம். பால்பொடி தவிர வேறு வழியில்லாத பிள்ளைக்கு டப்பாவோடு எரிவாயு அடுப்பு, மூடியுள்ள பாத்திரம், ஒரு பாலாடை ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பாட்டிலின் நிப்பிளைவிடப் பாலாடையைக் கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது.