மூட்டுவாதக் குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் ஊசி



மூட்டுவாதம் முதியவர்களுக்கு வரும் நோய் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். 16 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் அது வருவதுண்டு. காலையில் எழுந்ததும் முழங்கால் வீங்கி, நடக்க மறுத்து, 6 வாரமாகியும் வீக்கம் வடியவில்லையென்றால் பிள்ளையை அவசியம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நமது உடலில் கிருமிகளை விரட்டும் எதிர்ப்புச் சக்தி ஒன்று உண்டு. வீட்டுக் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்நோயில் அந்தக் காவல்காரன் ஆள் தெரியாமல் வீட்டாரையே அடிக்கிறான், மூட்டு வீங்குகிறது. அவனை அடக்கவே வாரம் ஒருமுறை மெதோடிரெக்சேட், தேவைப்பட்டால் பிரெட்னிசலோன் முதலிய மருந்துகளைக் கொடுக்கிறார்கள். பிள்ளை மறுபடி ஓடியாடுகிறது. ஆனால், காவல்காரனின் கையைக் கட்டிவைத்திருக்கும் நேரத்தில் மெய்யான திருடன் வந்துவிட்டால்?

இன்புளுவன்சா அப்படிப்பட்ட திருடன். வெறும் மூக்கொழுகல் அன்று. நுரையீரல் வரை இறங்கக்கூடியது. 1918-இல் மலாயாத் தோட்டங்களில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் இதுதான்.

"ஏற்கெனவே இத்தனை மருந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு ஊசி வேறா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊசியில் இருப்பது செத்த கிருமி. அதனால் காய்ச்சலை உண்டாக்க முடியாது. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு லேசாகச் சுடலாம், அவ்வளவுதான். மூட்டு நோயையும் அது கிளப்பிவிடுவதில்லை. மூக்கில் தெளிக்கும் மருந்து வேறு. அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. தட்டம்மை ஊசியும் உயிருள்ள கிருமி வகையே. அதைப் போடுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

6 மாதம் நிரம்பிய குழந்தைக்கே சளிக்காய்ச்சல் ஊசி போடலாம். 9 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் ஆண்டில் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. பிறகு ஆண்டுக்கு ஒன்று. கிருமி வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால் போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது. பலன் தெரிய இரண்டு வாரம் பிடிக்கும்.

மருந்து உண்ணும் உடலில் ஊசியின் பலன் சற்றுக் குறையலாம். அதனால் அப்பா, அம்மா, அண்ணன், பாட்டி எல்லாரும் போட்டுக்கொள்வது நல்லது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் காய்ச்சல் வெளியிலிருந்து தனியாக வருவதில்லை, நம்மோடுதான் வருகிறது.

தாய்மார்களே, ஊசிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரெட்னிசலோனைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அந்த மருந்து காய்ச்சலை மறைத்துவிடுவதும் உண்டு. உடம்பு சுடவில்லையே என்று இருந்துவிடாமல், பிள்ளை இருமி, சோர்ந்து, சாப்பிட மறுத்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். சளிக்காய்ச்சலுக்கான மருந்து முதல் இரண்டு நாளில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. இக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் உலவுகிறது. ஆகவே மாதம் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த முறை மூட்டு நோய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்துச் சீட்டையும் ஊசி அட்டையையும் எடுத்துச் சென்று, "சளிக்காய்ச்சல் ஊசி எப்போது போடலாம்?" என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.