செருக்கும் பெருமிதமும்



மகன் தேர்வில் சிறந்து விளங்கினால் தாய் பெருமைப்படுகின்றாள். அது குற்றமன்று. தன்னைத் தானே மெச்சித் திரிபவனையும் 'பெருமை பிடித்தவன்' என்றே சொல்லுகின்றோம். ஒரே சொல் இருவேறு குணங்களைச் சுமந்து நிற்பதால் பிள்ளைகளுக்கு மயக்கம் ஏற்படுகின்றது.

நம் முன்னோர் இவற்றைப் பிரித்தே வைத்தனர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தைக் கூறி, அது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கினின்று தோன்றும் என்றார். உழைத்துப் பெற்றதும் பிறர்க்கு ஈந்ததும் தரும் நிமிர்வு அது. செருக்கு, இறுமாப்பு, அகந்தை என்பன வேறு. சைவ சித்தாந்திகள் ஆணவத்தை மும்மலங்களுள் முதலாவதாக வைத்து, செம்பில் களிம்பு போல் அது உயிரைப் பற்றியுள்ளது என்பர். செம்புக் குடம் துலக்கிய தாய்மார்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இன்று துலக்கினாலும் மறுவாரம் பச்சை படரும்.

செருக்கு முதலில் அடைப்பது காதை. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு.

ஆங்கிலேயர் பெரும் பொருட்செலவில் சிங்கப்பூரின் செம்பவாங்கில் கடற்படைத் தளம் அமைத்து, 1938 பிப்ரவரி 14ஆம் நாள் அதன் பெரிய கப்பல் துறையைத் திறந்தனர். சிங்கப்பூர் வெல்ல முடியாத கோட்டை எனப் புகழப்பட்டது. ஜப்பானிய விமானிகளுக்குக் கண்பார்வை குறைவு என்றுகூட அவர்களுள் சிலர் நம்பினர். பகைவர் வடக்கே தரையிறங்கக்கூடும் என்று 1937இலேயே மலாயாப் படைத் தலைமை மதிப்பிட்டு எழுதியிருந்தது. ஆயினும் போர் மூண்டபோது மலாயாவில் ஆங்கிலேயரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். மிதிவண்டிகளிலும் டாங்கிகளிலும் தெற்கு நோக்கி விரைந்தனர். தீவின் வடகரையில் அரண் அமைக்கலாம் என்று பொறியியல் தலைவர் சிம்சன் வேண்டியபோது, அது மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் என்று மறுக்கப்பட்டதாக அவரே பின்னர் எழுதினார். 1942 பிப்ரவரி 15இல், துறை திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆன நிலையில், ஏறத்தாழ 80,000 வீரர்கள் சரணடைந்தனர். வென்றவர்களின் தொகை அதனினும் மிகக் குறைவு.

பீரங்கிகள் யாவும் கடலையே நோக்கியிருந்தன என்று பலர் கதை சொல்வர். அது முழு உண்மையன்று. சில வடக்கே திரும்பிச் சுட்டன. ஐரோப்பியப் போரினால் விமானங்கள் போதவில்லை என்பதும் மெய்யே. ஆனால் வந்த எச்சரிக்கையைக் கேளாததற்கு எந்தப் பற்றாக்குறையும் காரணமாகாது.

துரைமார் செருக்கிற்கு விலை கொடுத்தவர்களுள் நம் தோட்ட மக்களும் அடங்குவர். வென்ற செருக்கில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க முனைந்து, லயங்களிலிருந்து தமிழரை ஆயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். பலர் திரும்பவில்லை.

இவ்வளவும் பிறரைப் பற்றிக் கூறினேன். என்னைப் பற்றியும் கூறுவதே முறை.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த ஆண்டில் பள்ளியின் பின்புறச் சரிவில் காய்கறித் தோட்டம் போட்டேன். மண்ணைப் படி படியாக வெட்டாமல் நட்டால் மழை அரித்துவிடும் என்று பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் சொன்னார். "நாங்கள் படித்து வந்திருக்கிறோம், ஐயா," என்றேன். மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர். அம்மாதமே பெய்த மழையில் பாத்திகளும் கத்தரி நாற்றுகளும் கால்வாய்க்குள் போயின. இவ்வாண்டு மழை மிகுதி என்று மாணவர்களிடம் கூறினேன். மிகுதியன்று, எப்போதும் பெய்கின்ற மழைதான்.

மறுநாள் மாலை அப்பெரியவர் வேலை முடிந்து மண்வெட்டியுடன் வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மேட்டிலிருந்து முதற்படியை வெட்டத் தொடங்கினார். சிறிது நேரம் அலுவலறைச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னர்க் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனேன்.