செம்பரம்பாக்கம் எத்தனை அடி? மழை வந்தால் குன்றத்தூர் கேட்கும் கேள்வி!

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் குன்றத்தூர் தெருக்களில் ஒரே ஒரு எண்ணைத்தான் விசாரிப்பார்கள். தங்கம் விலை அல்ல. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம்!

ஏரியின் முழு உயரம் 24 அடி. 22ஐ நெருங்கினாலே பேச்சின் தொனி மாறிவிடும். காரணம், திறந்துவிடும் உபரிநீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் பக்கமாக ஓடித்தான் அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது திறந்தது முதலில் வெறும் 1,000 கனஅடிதான். ஆனாலும் அன்று ஊரே டி.வி. முன்னால்!

சேக்கிழார் பிறந்த ஊர், குன்றின்மேல் முருகன் என்று பெருமைகள் நிறைய. ஆனால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வேலைக்காக இங்கே குடிவருபவர்கள் பார்ப்பது வாடகையையும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தையும்தான். 2015ல் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்பது நல்லது. அதை புரோக்கரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள்.

இன்னொன்று. மதகு திறக்கும் அறிவிப்பு, நீங்கள் ஷிப்டில் இருக்கும்போதும் வரலாம். பைக்கை மேட்டில் ஏற்றவும், சர்டிஃபிகேட் பையை மாடிக்குக் கொண்டுபோகவும் பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும்.