ஒற்றைத் தலைவலி மருந்துச் சோதனை

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலித் தாக்குதலைத் தணிக்க உருவாக்கப்படும் புதிய மருந்து உண்மையில் பயன் தருகிறதா, தீங்கு செய்யாதா என்பதை மனிதரிடம் ஆராய்வதே ஒற்றைத் தலைவலி மருந்துச் சோதனை ஆகும்.

இச்சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. தாக்குதல் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வந்தாலும் 4 முதல் 72 மணி நேரத்தில் தானாகவே தணிந்துவிடும். ஆகவே மாத்திரையை முன்னரே கொடுத்து வீட்டுக்கு அனுப்புகின்றனர். வலி மிதமாகவோ கடுமையாகவோ ஆனதும் அதைப் போட்டுக்கொண்டு, நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பாதிப் பேருக்குக் கிடைப்பது மருந்துப்போலி. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. 2 மணி நேரத்தில் வலி முற்றிலும் நீங்கியதா என்பதே முதன்மையான அளவுகோல். கல்வராயன் மலையின் உள்ளூர்களிலிருந்து கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு இறங்கி வருவதற்குள்ளேயே அந்த 2 மணி நேரம் கழிந்துவிடக்கூடும் என்பதால், வீட்டிலேயே போடும் மாத்திரை அங்குள்ளோருக்குக் கூடுதல் முக்கியம்.

ரிமெகெபன்ட் மருந்தின் சோதனை முடிவு 2019-இல் லான்செட் இதழில் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 21 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி எடுத்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் 2 மணி நேரத்தில் வலி நீங்கியது. இதை 'இரு மடங்குப் பலன்' என்று விளம்பரப்படுத்தலாம்; பத்துப் பேரில் கூடுதலாக ஒருவருக்கு என்றும் சொல்லலாம். இரண்டும் சரியே, ஆனால் நோயாளிக்கு உதவுவது பின்னதுதான். மேலும், ஒப்பீடு மருந்துப்போலியுடன் மட்டுமே. பழைய மருந்தான சுமட்ரிப்டானுடன் அன்று. எனினும் சுமட்ரிப்டான் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இதய நோயாளிகளுக்கு ஆகாது. ரிமெகெபன்ட் அவ்வாறு சுருக்குவதில்லை.

இதே வகையைச் சேர்ந்த டெல்ககெபன்ட் வலியைத் தணித்தும், சிலருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததால் 2011-இல் கைவிடப்பட்டது.

இந்தியாவில் இத்தகைய சோதனைகளை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. பழங்குடியினரை எளிதில் பாதிப்புறக்கூடியோராக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கருதுகின்றன. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கும் இது பொருந்தும். சோதனைக்கு அழைக்கப்படுபவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே ஒப்புதல் பெற வேண்டும். படிக்கத் தெரியாதவரெனில் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சோதனையால் உடல்நலம் கெட்டால் இலவசச் சிகிச்சை பெற உரிமை உண்டு. இடையில் விலகிக்கொள்ளவும் தடையில்லை. அதனால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.