மதிப்பெண் இடுபவரும் துணை நிற்பவரும்

ஆசிரியர் பயிற்சிக்கு வருவோர், பிற தொழில்களைக் கற்க வருவோரைப் போலன்றி, தம் தொழிலைப் பல்லாண்டுகள் பார்த்துப் பழகியவர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் வெளியிட்ட ‘ஸ்கூல்டீச்சர்’ என்ற நூலில், பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணிநேரம் ஆசிரியர்களைக் கவனித்திருப்பார் என்று கணக்கிட்டார். ஆயினும் மாணவரின் கண்ணுக்குப் படுவது வகுப்பில் நிகழ்வதே அன்றி, அதற்கு முந்தைய தயக்கமோ பிந்தைய சோர்வோ அல்ல என்பதால், முதன்முறை கரும்பலகையின் முன் நிற்பவர் தம் தடுமாற்றத்தைத் தொழிலின் இயல்பாகக் கொள்ளாமல், தமக்கு மட்டுமே உரிய குறையாகக் கருதி மறைக்கத் தொடங்குகிறார். பயிற்சி ஆசிரியரின் தனிமை என்பது பெரும்பாலும் இந்த மறைப்பே. சுற்றிலும் ஆட்கள் இருப்பதால் அது தீர்ந்துவிடுவதில்லை.

இந்தியாவில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, அதில் 20 வாரங்களைப் பள்ளிகளில் பெறும் களப்பயிற்சிக்கு ஒதுக்கின. அவ்வாரங்களில் பயிற்சி மாணவர் பள்ளியின் ஆசிரியருமல்லர், மாணவருமல்லர். விடுப்பில் சென்றவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் தவறாமல் நினைவுக்கு வருபவர். அவருக்கு வாய்க்கும் வழிகாட்டி ஆசிரியர், பாடக்குறிப்பில் கையொப்பமிட்டு, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, மதிப்பீட்டிலும் பங்கேற்பவராக இருக்கும்போது, ஒன்பதாம் வகுப்பைத் தன்னால் அடக்க முடியவில்லை என்று அவரிடமே சொல்லும் துணிவு எளிதில் எழுவதில்லை.

இச்சிக்கலை ஆண்ட்ரூ ஹாப்சன், ஆஞ்சி மால்டெரஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தனர். வழிகாட்டுபவர் கண்ட குறைகளை உடனுக்குடன் சுட்டித் தீர்ப்பு வழங்குபவராகவே நடந்துகொண்டால், புதியவர் தம் இடர்களை வெளிப்படுத்தத் தயங்குவார், உறவும் உள நலமும் கெடும் என்பது அவர்களின் முடிவு. இங்கிலாந்தில் 2021 முதல் நடைமுறைக்கு வந்த ஈராண்டுத் தொடக்கப் பணிக்கால ஏற்பாடு, துணை நிற்கும் வழிகாட்டியையும் மதிப்பிடும் பொறுப்பாளரையும் இயன்றவரை வேறு வேறு ஆட்களாக வைத்தது. புதிய ஆசிரியருக்கு முதலாண்டில் பாடவேளையில் 10 விழுக்காடும், இரண்டாமாண்டில் 5 விழுக்காடும் குறைத்தது. பட்டம் பெற்றுப் பணியில் சேர்ந்தவர்களுக்கான ஏற்பாடு அது என்றாலும், பயிற்சி மாணவருக்கே இந்தப் பிரிவினை இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

களப்பயிற்சியின் வாரங்களைக் கூட்டுவது அரசாணையால் இயலும். வழிகாட்டி ஆசிரியரின் சொந்தப் பாடவேளைகளைக் குறைத்து, வாரத்தில் ஒரு மணிநேரமாவது மதிப்பெண்ணுக்குத் தொடர்பில்லாத உரையாடலுக்கு விடுவிப்பதோ ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பள்ளிகளில் கடினமானது. அந்த ஒரு மணிநேரம் இல்லாதவரை, நீட்டித்த வாரங்கள் தனிமையின் காலத்தையே நீட்டிக்கின்றன.