ஜீப்புக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா?

காலையில் பழைய ஜீப்பை வெளியே எடுக்கிறீர்கள். அது நின்ற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை!

"பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி, ஒரு தகரத்தட்டை அடியில் வைத்து விடுகிறவர்கள் உண்டு.

அது தப்பு. அந்தச் சொட்டு ஒரு நாள் பிரேக்கையே பறித்து விடும்.

எப்படி?

இரண்டு பெட்டிகள்

ஜீப், 2-வது உலகப்போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு என்ற 2 கம்பெனிகளும் 6 லட்சம் ஜீப்புகளுக்கு மேல் செய்து குவித்தன. 1947-ல் மகிந்திரா கம்பெனி, வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து, பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்து வண்டிகளை நம் மலை ஊர்களில் இன்றும் பார்க்கலாம்.

இந்த ஜீப்பில், கியர் பாக்சுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி ஒட்டிக்கொண்டு இருக்கும். அதற்கு "டிரான்ஸ்பர் கேஸ்" என்று பெயர். என்ஜின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பங்கு போடுவது அதுதான்.

பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக், சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேசின் பின்பக்கத்தில் உள்ள டிரம்மில் இருக்கிறது. அந்த இடத்து ஆயில் சீல் தேய்ந்தால், எண்ணெய் நேராக டிரம்முக்குள் போகும். பிரேக் லைனிங் ஊறிவிடும்.

மேட்டில் ஜீப்பை நிறுத்துகிறீர்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, குழந்தைகளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, டீக்கடைக்குப் போகிறீர்கள். பிறகு நடப்பதைச் சொல்லவும் வேண்டுமா?

முகப் பவுடர்

சொட்டுகிற இடம் வேறு. ஒழுகுகிற இடம் வேறு. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும்.

அதனால் முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. பெட்டிகள் ஆறியபின், டீசல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மேலே முகப் பவுடரைத் தூவுங்கள். (வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பு அல்ல!) 4 மைல் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்து இருக்கிறதோ, அங்கேதான் ஓட்டை.

விரலில் தொட்டு முகர்ந்தும் பார்க்கலாம். கியர் ஆயில் தடிப்பாக இருக்கும். கந்தக வாடை அடிக்கும். கறுப்பாக, இளகலாக இருந்தால் அது என்ஜின் ஆயில்.

காசு இல்லாத வைத்தியம்

உடனே பெட்டியைக் கழற்றாதீர்கள். டிரான்ஸ்பர் கேசின் மேலே, மூச்சு விடுவதற்கு ஒரு சிறு துவாரம் உண்டு. ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும். துவாரம் சேற்றில் அடைத்துக்கொண்டால், அந்தக் காற்று எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். துவாரத்தைச் சுத்தம் செய்ததுமே ஒழுகல் நின்ற வண்டிகள் உண்டு.

எண்ணெய் அளவையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள துளையின் கீழ் விளிம்புவரை இருந்தால் போதும்.

ஒரு பெட்டியில் அதிகமாகவும், மற்றதில் குறைவாகவும் இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் போய்விட்டது. இது பொல்லாத ஒழுகல். தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது. ஆனால் கியர் பாக்ஸ் வறண்டு, பேரிங் கருகிவிடும்.

புதுச் சீலும் ஒழுகினால்?

"புதுச் சீல் போட்டு ஒரு மாதம் ஆகவில்லை. மறுபடியும் ஒழுகுகிறது. மெக்கானிக் ஏமாற்றிவிட்டார்!" என்பார்கள்.

பாவம், மெக்கானிக்! சீல் உரசுகிற இரும்பின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தட்டினால், எத்தனை சீல் மாற்றினாலும் பயன் இல்லை. அதன்மேல் மெல்லிய உறை போடவேண்டும். அல்லது அந்த இரும்பையே மாற்றவேண்டும். ஷாப்ட்டையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், தேய்ந்தது பேரிங். அதை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண்.

சீலைப் பொருத்தும்போது, ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்கவேண்டும். உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டவேண்டும்.

சில போல்ட் துளைகள் பெட்டிக்கு உள்ளேயே போய் முடியும். அந்த மரைகளில் சீலன்ட் தடவாவிட்டால், அதன் வழியாகவும் எண்ணெய் வரும்.

ஒழுகலை நிறுத்த, சிலர் பெட்டிக்குள் கிரீசைத் திணிக்கிறார்கள். கிரீஸ் பல்சக்கரத்தைச் சுற்றி ஒதுங்கி நிற்கும், பேரிங்குக்குப் போகாது. கியர் பாக்சுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. சில ஜி.எல்.-5 எண்ணெய்கள் பித்தளையை அரிக்கும். கடையில் "ஜி.எல்.-4, 90 நம்பர்" என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின், ஹேண்ட் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்தாலும், சூடு ஏறியதும் உள்ளே குடித்த எண்ணெய் வெளியே வரும். புதிது போடுங்கள். பிறகு ஒரு சிறு மேட்டில், பின் சக்கரத்துக்குச் சாண் இடம் விட்டுக் கல் வைத்து, ஜீப்பில் யாரும் இல்லாமல் நிறுத்திப் பாருங்கள்.