சிறு தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு: செலவைக் கணக்கிடும் முறை

நீலகிரியில் ஓரிரு ஏக்கரில் தேயிலை பயிரிடும் விவசாயிகள் உரத்துக்கும் கவாத்துக்கும் கணக்கு வைக்கிறார்கள். தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் ஆகும் செலவை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பெரிய எஸ்டேட்டுகளின் கவலை என்று விட்டுவிடுகிறார்கள். இது சரியன்று. சரிவில் வழுக்கி விழுவதும், கவாத்து இயந்திரத்தில் விரல் போவதும், சில்வர் ஓக் கிளை கழிக்கையில் தவறி விழுவதும், செடிகளுக்கிடையே நிற்கும் காட்டெருமை முட்டுவதும் சிறு தோட்டத்திலும் நேரக்கூடியவையே.

வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளியே இழப்பீடு தரவேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதல் உள்ள விதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இது தொடர்கிறது. நாள்கூலிக்கு வந்தவர்தானே என்று சொல்லித் தப்ப இயலாது.

முதலில் பொறுப்பு எவ்வளவு என்று பாருங்கள். இறப்புக்கு மாதக் கூலியில் 50 சதமும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதமும் எடுத்து, வயதுக்குரிய காரணியால் பெருக்கவேண்டும். 40 வயதுக்குரிய காரணி 184.17. நாளுக்கு 400 ரூபாய் வீதம் 25 நாள் வேலை செய்பவரின் மாதக் கூலி 10,000 ரூபாய். அவர் இறந்தால் இழப்பீடு 9,20,850 ரூபாய். முழு ஊனமானால் 11,05,020 ரூபாய். கட்டைவிரல் இழப்புக்கு 30 சத ஊனம் என்பதால், அதற்கே 3,31,506 ரூபாய் ஆகிறது! இரண்டு ஏக்கரின் இலைப் பணத்தில் இதை ஈடுகட்ட முடியுமா?

இனி பிரீமியம். இது ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போடப்படுவதன்று. ஆண்டுக்குக் கொடுக்கும் மொத்தக் கூலியே அடிப்படை. மேற்கண்ட கூலியில் மூவர் இருந்தால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். கணக்குக்காக ஆயிரத்துக்கு 10 ரூபாய் என்று கொண்டால் பிரீமியம் 3,600 ரூபாய், வரி தனி. உண்மையான விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இலை பறிப்பதற்கு ஒன்றும், மரம் கழிப்பதற்கு அதைவிடக் கூடுதலாகவும் கேட்பார்கள். ஆகவே கூலியை வேலைவாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டு, இரண்டு மூன்று கம்பெனிகளில் விசாரியுங்கள். கிலோக் கணக்கில் கொடுக்கும் கூடுதல் பணத்தையும் கூலியில் சேர்க்கவேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று கூலியைக் குறைத்துக் காட்டுவது வீண் சிக்கனம். விபத்தின்போது அந்தக் குறை உங்கள் தலையில்தான் விழும்.

மருத்துவச் செலவும் முதலாளியின் பொறுப்பே. பல பாலிசிகளில் இதற்குத் தனியாகப் பணம் கட்டவேண்டியுள்ளது. கட்டாயம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கவாத்தை ஒப்பந்தத்துக்கு விட்டாலும் பொறுப்பு நீங்குவதில்லை. முதலில் தோட்டக்காரர் கொடுத்து, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலிக்கலாம் என்பதே சட்டம். எனவே அந்த ஆட்களின் கூலியையும் பாலிசியில் தெரிவித்தல் நலம்.

வருகைப் பதிவும் கூலிப் பதிவும் இல்லாமல் இவை எதுவும் நிற்காது. ஒரு நாற்பது பக்க நோட்டே போதும். பெயர், வயது, நாள், வேலை, கூலி ஆகியவற்றை எழுதி, கையொப்பமோ கைரேகையோ வாங்கிவையுங்கள்.

இறப்பு நேர்ந்தால் இழப்பீட்டை இரக்கப்பட்டுக் குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்துவிடாதீர்கள். அதைச் சட்டப்படியான அதிகாரியிடம் செலுத்தவேண்டும். கையில் கொடுத்தது இழப்பீடாகக் கொள்ளப்படாது. உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குமேல் தாமதித்தால் 12 சத வட்டி சேரும். தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் உண்டு. அந்த அபராதத்தைக் காப்பீடு ஏற்காது.